பச்சைத் தண்ணீர் வரைக்கும்

படகு இஞ்சின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அதுவரை இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது எல்லாம் கேட்டது. படகின் அடியில் தண்ணீர் தட்டுவது, நாத்தனாரின் வளையல், என் மகன் குணா மூச்சு விடுவது. அவன் மடியில் ஒரு மண்கலயம். வெள்ளைத் துணி சுற்றி, மேலே மல்லிகைச் சரம் போட்ட கலயம். அதற்குள் என் வீட்டுக்காரர் சாம்பலாக இருந்தார்.

சுற்றிலும் கடல் பால் டீ மாதிரி தே தாரிக் நிறத்தில் கிடந்தது. அவர் கேட்டது இந்தத் தண்ணீர் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் பசாரில் என்னை நிறுத்தி, இப்படி அழ வைக்கலாமா என்று கேட்டார். நியாயம்தான். இந்த வாரமும் சாவு வீட்டு விஷயம்தான், ஆனால் நாங்கள் அன்று அழுததைவிட வேறு காரியங்கள் அதிகம் செய்தோம். அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

மெசின் மணியம்

அவர் பெயர் மணியம். அலோர் காஜா சுற்று வட்டாரத்தில் மெசின் மணியம் என்றால்தான் தெரியும். புல்வெட்டி மெசின், மருந்தடிக்கும் பம்பு, மரம் அறுக்கும் ரம்பம், தண்ணீர் மோட்டார் என்று கயிறு இழுத்துக் கிளப்புகிற எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குத்தான் வரும்.

டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, அங்கிருந்த வொர்க்‌ஷாப்பில் கைவேலை பழகியவர். எஸ்டேட் போய் வீடுகள் வந்தன, வீட்டுக்கு வீடு புல் வளர்ந்தது, அவருக்கு வேலை குறையவே இல்லை. நின்றுபோன மெசினைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் நின்றதும் பாதி இலையில் எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பாயாசமும் தீர்ந்து, பக்கத்து இலைக்காரரும் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டார்.

நான் வேலை பார்த்தது ஒரு பல் கிளினிக்கில், பேர் பதிகிற கவுண்டரில். பகலெல்லாம் மனிதர்கள் முனகுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் மெசின்கள் முனகும். என் காது இரும்பால் செய்ததா என்று பல நாள் அவரிடம் கத்தியிருக்கிறேன். சிரிப்பார்.

அவருடைய கைப்பேசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண மணிச் சத்தம் கொட்டகை இரைச்சலில் கேட்காது என்று, குணா அதில் சேவல் கூவுவதை ஏற்றிக் கொடுத்தான். கோவிலில் தீபாராதனை நேரத்தில் கூவியிருக்கிறது. சம்பந்தி வீட்டில் கூவியிருக்கிறது. தினமும் தவறாமல் நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கூவும்.

கூப்பிடுகிறவர் பெம்பானோ ஜாசினோ, தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, மெசின் கிளம்பவில்லை என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான். டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள், உஸ்ஸென்று சத்தம் வருகிறதா? மலாய்க்காரர்களுக்கு அதையே மலாயில் சொல்வார்: "புக்கா துத்துப் தங்கி டுலு." முதலில் டாங்கி மூடியைத் திற.

சாம்பாரில் ஒரு கை, காதில் ஒரு கை. எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். அது எதற்கு என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. எங்கள் டாக்டர் வருகிறவர்களிடம் முதலில் வாயைத் திறக்கச் சொல்வதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொள்வேன்.

பாக் ஹாருன்

அந்தச் சேவலை அதிகம் கூவ வைத்தவர் பாக் ஹாருன். கோலா சுங்கை பாரு பக்கம் ஆற்று வாயில் சின்னப் படகு வைத்திருக்கிற மலாய்க்காரர், என் வீட்டுக்காரர் வயதுதான். படகின் பின்னால் தொங்கும் இஞ்சின் முரண்டு பிடித்தால் உடனே மணியத்தைக் கூப்பிடுவார். மணியமும் மறுநாளே போய் நிற்பார். அப்படியே இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். சாயங்காலம் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே செனாங்கின் மீன், சுத்தம் செய்தபடி.

ஒரு தடவை தூரத்துச் சொந்தம் ஒருவரின் சாம்பலை ஆற்று வாயிலேயே கரைத்தார்கள். மத்தியானம் தண்ணீர் ஏறியதும் மாலை, துணி எல்லாம் திரும்பி வந்து மீன் கடைக்குக் கீழே சாக்கடை ஓரம் ஒதுங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

"என்ன அங்க விட்டுராத. ஹாருன்கிட்டச் சொல்லு. பச்சத் தண்ணி வரைக்கும் கூட்டிட்டுப் போவாரு," என்றார்.

இது என்ன சோற்று நேரத்துப் பேச்சு என்று அதட்டினேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், பேச்சு குழறிய நிலையிலும், பச்சை என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டவை ரொம்பக் குறைவு. இதையாவது செய்து தீர வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை.

கரை ஓரத்தில் எங்கள் கடல் சேறுதான். வெகுதூரம் போனால் ஓர் இடத்தில் கோடு போட்டாற்போல் நிறம் பச்சையாக மாறும். அங்கேதான் அவர்கள் தூண்டில் போடுவார்கள்.

சந்தனக் கிண்ணம்

நாத்தனார் பாக்கியம் பெம்பானில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் சந்தனத்துக்கு எங்கள் குடும்பத்தில் தப்பிய பொருள் கிடையாது.

ஆயுத பூஜை என்றால் விடியும் முன்னே வந்துவிடுவார். பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம், பித்தளைக் கிண்ணம் நிறைய. கொட்டகையில் உள்ள மெசின் ஒவ்வொன்றுக்கும் தலை எது, நெற்றி எது என்று அவரே முடிவு செய்து அப்புவார். பிறகு வீட்டுக்குள் வந்து காற்றாடி, ஐஸ்பெட்டி, சோற்றுப் பானை. ஒரு வருஷம் எங்கள் வாசலில் நிறுத்தியிருந்த யாரோ ஒரு சீனருடைய காருக்கும் வைத்துவிட்டார். அந்தச் சீனர் நல்ல மனிதர், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி முன்னால் போக, இவர் ஒரு குண்டூசியோடு பின்னாலேயே போவார். குனிந்து குனிந்து மெசினில் எதையோ குத்துவார். என்னடா குத்துற என்று அண்ணி திரும்பிக் கேட்டால், தூசிதான் அக்கா என்பார். இந்த மனுஷனுக்கு நல்ல நாளில்கூடக் கை சும்மா இருக்காது என்று நான் சலித்துக்கொள்வேன்.

சாம்பல் கரைக்கப் போன அன்று காலையிலும் அண்ணி கிண்ணத்தோடுதான் வந்தார். கரையில் ரூ எனப்படும் சவுக்கு மரத்தடியில் பண்டாரம் சடங்குகளை முடித்தார். துக்க காரியத்தில் குங்குமம் ஆகாது என்றார். குங்குமம் வேண்டாம், சந்தனம் இருக்கட்டும் என்றார் அண்ணி. "எந் தம்பி ஏறிப் போற வண்டி. மூளியாப் போகக் கூடாது."

படகின் மூக்கில் வைத்தார். இஞ்சின் தலையில் வைத்தார். சிவப்புப் பெட்ரோல் டாங்கியின் மூடிக்கு மட்டும், அது பார்க்க நெற்றி மாதிரி இருந்ததாலோ என்னவோ, மூன்று விரலால் அள்ளி வைத்தார். பாக் ஹாருன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பெண்கள் படகில் போகும் வழக்கமில்லை என்றார் பண்டாரம். கூட வாழ்ந்தவள் நான், கூடப் பிறந்தவர் அவர், வழியனுப்ப நாங்கள் வராமல் வேறு யார் வருவது என்று கேட்டேன். பண்டாரம் வெயிலைப் பார்த்தார். உச்சிப் பொழுதுக்கு முன் முடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

என் கைப்பையில் அவருடைய கைப்பேசி இருந்தது. ஆஸ்பத்திரியில் என் கைக்கு வந்ததிலிருந்து அதை நான் அணைக்கவில்லை. தவறாமல் சார்ஜ் போட்டேன்.

கிளம்பாத இஞ்சின்

கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகுதான் அந்த இருமல்.

பாக் ஹாருன் கயிற்றை இழுத்தார். இஞ்சின் கர்ரென்றது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். இஞ்சினோடு சேர்ந்திருக்கும் சிவப்புக் கயிறு கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். அது கழன்றால் இஞ்சின் தானே நின்றுவிடுமாம். கழலவில்லை. இஞ்சினைத் தூக்கி, விசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். பெட்ரோல் குழாயின் நடுவில் கைக்கு அடங்கும் ரப்பர் குமிழ் ஒன்று உண்டு. அதை அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவார்கள். அது சப்பிப்போய்க் கிடந்தது. அமுக்கினால் திரும்பி எழவில்லை. குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மடங்கவில்லை. டாங்கியும் காலையில் அவரே நிரப்பியது.

கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். கடலிலேயே வாழ்ந்தவர். ஆனால் அன்றைக்கு அவர் கை அவரிடம் இல்லை. துடைத்து மாட்டிய பிளக்கையே மறுபடி கழற்றித் துடைத்தார்.

அதற்குள் கடல் தண்ணீர் கரையை நோக்கி ஏறத் தொடங்கியது. படகு தானாகக் கரைப் பக்கம் நகர்ந்தது. சின்னதாகத் தெரிந்த ரூ மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மீன் கடையின் நீலக் கூரை தெரிந்தது. வெயிலும் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"இங்கயே விட்டுரலாமா மா?" என்றான் குணா. "எல்லாம் ஒரே கடல்தான லா. லேட்டாயிருச்சு."

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பல நாளாகத் தூங்காத பிள்ளை. அண்ணி கலயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். ஊரில் உள்ள மெசினையெல்லாம் கிளப்பிவிட்ட மனுஷன், கடைசியாக ஏறியது கிளம்ப மாட்டேன் என்கிறதே. வேண்டாம், இங்கே விடக் கூடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று எனக்கு மட்டும் தெரியுமா?

பாக் ஹாருன் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கையைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட கைப்பேசியை எடுத்தார். வேறு படகைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் இஞ்சின் மேலேயே இருந்தது. கட்டைவிரல் மட்டும் எதையோ தேடி அமுக்கியது. காதில் வைத்தார்.

என் கைப்பைக்குள் சேவல் கூவியது.

மறுபடி கூவியது. நடுக்கடலில் சேவல் கூவினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பையைத் திறந்தேன். திரையில் 'ஹாருன் போட்' என்று இருந்தது.

பாக் ஹாருனின் முகம் வெளுத்துவிட்டது. தன் கையில் இருந்ததை யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் பார்த்தார். "மாஃப்," என்றார். மன்னிக்கச் சொல்கிறார். நிறுத்தப் பார்த்தார், உறைக்கு மேல் ஈர விரல் வழுக்கியது. சேவல் விடாமல் கூவியது.

எங்கள் வீட்டில் அந்தச் சேவல் கூவினால் யாராவது எடுத்தே ஆக வேண்டும். நான் எடுத்தேன். காதில் வைத்தேன். எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவரும் மறுபடி காதில் வைத்தார். என்ன பேசுவது? என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"புக்கா துத்துப் தங்கி டுலு, பாக் ஹாருன்."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் மற்றக் கையை நீட்டினார். டாங்கி மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். டாங்கி மூச்சை இழுத்தது. சப்பிக் கிடந்த ரப்பர் குமிழ் எங்கள் கண் முன்னே உப்பி எழுந்தது.

உப்பு

பிறகு குணா எனக்கு விளக்கினான். டாங்கி மூடியில் காற்றுக்கென்று சின்ன ஓட்டை உண்டு. உள்ளேயிருந்து பெட்ரோல் போகப் போக, வெளியிலிருந்து காற்று வர வேண்டும். காற்று வராவிட்டால் பெட்ரோலும் வராது. படகுக்கும் அப்படித்தான், புல்வெட்டிக்கும் அப்படித்தான். அந்த ஓட்டையை மூடித் திறக்க மூடியின் மேல் இருக்கும் திருகைப் பாக் ஹாருன் காலையிலேயே வழக்கம்போல் தளர்த்தித்தான் வைத்திருந்தார்.

ஆனால் ஓட்டை அடைத்திருந்தது. பாக் ஹாருன் மூடியைக் கவிழ்த்து நகத்தால் சுரண்டினார். காய்ந்து இறுகிய மஞ்சள் தூள் உதிர்ந்தது. பெட்ரோல் வாடைக்கு நடுவில் எனக்குப் பன்னீர் மணத்தது.

அந்த நொடியில்தான் குண்டூசி எதற்கென்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அக்காள் அடைத்துக்கொண்டே போவார், தம்பி திறந்துகொண்டே போவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அண்ணி அன்றோடு கொட்டகைப் பக்கமே வந்திருக்க மாட்டார், அப்படிப்பட்ட ரோஷக்காரி. அதற்காகவே சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை அண்ணிக்குப் பின்னால் போக ஆள் இல்லை. எனக்கு என் வீட்டுக்காரர்மேல் அப்போது வந்த பிரியத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

"என்ன அடச்சிருந்துச்சு?" என்று அண்ணி கேட்டார்.

குணா வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

பாக் ஹாருனுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். தன் நகத்தைப் பார்த்தார். அண்ணியின் விரல்களைப் பார்த்தார், அதிலும் அதே மஞ்சள். கையைக் கடலில் விட்டு அலசினார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்போது மணியத்திடம் கற்றுக்கொண்ட தமிழில், மணியம் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டுச் சொன்னார்.

"உப்பு, அக்கா. உப்பு."

கடலில் உப்பு இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்றார் அண்ணி. ஆனாலும் அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக் ஹாருன் குமிழை அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் குணாதான் சிரித்தான். அப்பாவே போன் போட்டுச் சொல்லிட்டாரு பாரேன் என்றான். பிறகு நான், அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே பாக் ஹாருன். சாம்பல் கலயத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அப்படிச் சிரித்ததைக் கரையிலிருந்து பண்டாரம் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

நிறம் மாறும் கோட்டைத் தாண்டினோம். தண்ணீர் பச்சையாக இருந்தது, சத்தியமாகப் பச்சை. பாக் ஹாருன் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு, அத்தனை பாடுபட்டுக் கிளப்பிய இஞ்சினை அவரே அணைத்தார்.

ஐயோ என்று நான் டாங்கி மூடியைத்தான் பார்த்தேன். மறுபடி கிளம்பாவிட்டால்? அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எங்கள் சடங்குக்கு இடம் விட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தன் கூட்டாளி போகும் நேரத்தில் இரைச்சல் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த அமைதிக்கு நான் சாகும்வரை அவருக்குக் கடமைப்பட்டவள்.

குணா கலயத்தை இறக்கினான். சாம்பல் பச்சைக்குள் மெதுவாகப் பரவியது. மல்லிகைச் சரம் கொஞ்ச தூரம் எங்களோடு மிதந்துவிட்டு, படகைவிட்டு விலகிப் போனது. அண்ணி குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாக் ஹாருன் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

குண்டூசி

அந்த வருஷம் நாங்கள் எந்தப் பண்டிகையும் கும்பிடவில்லை. கேட்டில் மீன் பை தொங்குவது மட்டும் நிற்கவில்லை. சேவலும் அவ்வப்போது கூவும். விஷயம் தெரியாத யாராவது கூப்பிடுவார்கள். நான் முதலில் மூடியைத் திறக்கச் சொல்கிறேன். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும், நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். அவர்களிடம் நான் வேறு எதுவும் சொல்வதில்லை.

வருஷத் திதி முடிந்து ஆயுத பூஜை வந்தது. கொட்டகையைக் கழுவி, இருந்த மெசின்களை வரிசையாக வைத்தேன். பெம்பானிலிருந்து அண்ணி பித்தளைக் கிண்ணத்தோடு வந்து இறங்கினார். நான் முன்யோசனையாக ஒரு குண்டூசியை முந்தானையில் குத்தி வைத்திருந்தேன். இனிமேல் பின்னால் போவது என் வேலை என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் புல்வெட்டி மெசின். அண்ணி வழக்கம்போல் அள்ளி அப்பினார். நான் குனியப் போனேன்.

அண்ணி நகரவில்லை. வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றினார். டாங்கி மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஓட்டையைத் தேடி, நிதானமாகக் குத்தி எடுத்தார். ஊக்கு நுனியைப் புடவையில் துடைத்தார்.

"என்ன அண்ணி பண்றீங்க?" என்றேன்.

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மெசினுக்குப் போனார்.

"உப்பு அடச்சிருக்கும்," என்றார்.

அந்தப் புல்வெட்டி மெசின் ஒரு நாளும் கடலைப் பார்த்ததில்லை. ஆமாம் அண்ணி என்று சொல்லிவிட்டு, என் குண்டூசியைத் திரும்ப முந்தானையிலேயே குத்திக்கொண்டேன்.